பெயருக்கு உரியவர் யார்?

கரோல் பாக்கில் ஒரு முருகன் ஸ்டோர்ஸ் இருக்கலாம். இராமகிருஷ்ணபுரத்தில் இன்னொரு முருகன் ஸ்டோர்ஸ் இருக்கலாம். இருவரும் தத்தம் வாணிகத்தைப் பார்த்துக்கொண்டு போவர். இணையத்திலோ அது நடவாது. ‘டாட் காம்’ என்று முடியும் ஒரு பெயர் உலகம் முழுமைக்கும் ஒன்றே. அது முதலில் பதிந்தவர் கையில் இருக்கும். டொமைன் என்று வழங்கும் இத்தளப்பெயர் ஏற்கனவே பிறர் வசம் இருக்குமாயின், அதை விரும்புகிறவர் என்ன செய்வது? படிப்பு முடிந்ததும் சிறுதொழில் தொடங்க எண்ணும் நண்பர்கள் நம்மிடையே பலர். கைப்பணத்தை இதில் இழந்துவிடக் கூடாதே என்னும் எண்ணத்தால், நான் அறிந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை உணரவேண்டும். தளப்பெயரை எவரும் நிலம் போல் வாங்கிவிடுவதில்லை, குத்தகைக்கே எடுக்கிறார்கள். டாட் காம் பெயரை ஒரே தடவையில் பத்தாண்டுகளுக்கு மேல் பதிய முடியாது. தவணைதோறும் புதுப்பிக்க வேண்டும். அப்படியானால் தவணை தவறும் நாளில் தட்டிக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பர். அது அவ்வளவு எளிதன்று. புதுப்பிக்க 45 நாள்வரை சலுகை உண்டு. நீக்கிய பின்னும் பழையவர் மீட்டுக்கொள்ள 30 நாள் உண்டு. அதன்பின் 5 நாள் கழித்தே பெயர் பொதுவுக்கு வரும். அதற்குள் பதிவு நிறுவனங்களே பல பெயர்களை ஏலத்தில் விட்டுவிடுகின்றன.

ஆகவே, உடையவரிடம் கேட்டு வாங்குவதே பெரும்பாலும் வழி. ஆனால், விலை கேட்குமுன் உரிமையைக் கேட்கவேண்டும் என்பது என் கருத்து. முன்னே வந்தவர் எல்லாரும் திருடரும் அல்லர்; எல்லாரும் நேர்மையாளரும் அல்லர்.

அமெரிக்காவில் உஸி நிசான் என்பவர், தம் குடும்பப் பெயரால் கணிப்பொறி வாணிகம் நடத்தி, 1994இல் நிசான் டாட் காம் என்ற பெயரைப் பதிந்தார். கார் செய்யும் நிசான் நிறுவனம் 1999இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆயினும் 2020இல் அவர் மறையும்வரை பெயர் அவரிடமே இருந்தது. பெரிய நிறுவனம் கேட்டது என்பதற்காகச் சொந்தப் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை அன்றோ?

இதற்கு எதிரான நிலையும் உண்டு. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் ‘சிஃபி’ என்னும் சொல்லைத் தானே ஆக்கி வழங்கிவந்தது. பின்னர் வேறொரு நிறுவனம் ‘சிஃபிநெட்’ என்று ஒலிக்கும் பெயரைப் பதிந்தது. 2004இல் நம் உச்சநீதிமன்றம் பின்வந்தவருக்குத் தடை விதித்தது. வணிகப் பெயருக்குள்ள பாதுகாப்புத் தளப்பெயருக்கும் உண்டு என்பது அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

நீதிமன்றம் செல்லாமலும் முறையிடலாம். ஐகான் அமைப்பு 1999இல் இதற்கென ஒரு விதிமுறை வகுத்தது. முறையிடுபவர் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும்: அப்பெயர் தம் வணிகக் குறியோடு மயங்கும்படி இருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, அவர் தீய நோக்கோடு பதிந்து பயன்படுத்துகிறார். மூன்றும் தேறினால் பெயர் கைமாறும். ‘டாட் இன்’ பெயர்களுக்கு நம் நாட்டிலேயே இத்தகைய நடுவர் முறை உண்டு. ஆனால், யாவருக்கும் பொதுவான ஒரு சொல்லை ஒருவர் பதிந்து விற்பனைக்கு வைத்திருந்தால் அது மட்டும் குற்றமாகாது. அங்கே பேரம்தான் வழி.

பேரத்திற்குப் பொறுமை வேண்டும். டெஸ்லா நிறுவனம் டெஸ்லா டாட் காம் என்ற பெயரைப் பெற்றது 2016இல்தான். அதற்குப் பத்தாண்டுக்கு மேலும் ஒரு கோடியே பத்து லட்சம் டாலரும் ஆயின என்று 2018இல் எலான் மஸ்க் கூறினார். நமக்கோ அத்தனை பணமும் இல்லை, காலமும் இல்லை. எனவே, கட்டக்கூடிய உச்சத் தொகையை முன்னரே முடிவு செய்துகொண்டு, அதை வெளியிடாமல் பேசவேண்டும். ஐகானின் தேடுபக்கத்தில் பதிவு நாள், முடியும் நாள், பதிவு நிறுவனம் ஆகியவை தெரியும். 2018க்குப் பின் உடையவரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். ஆயினும் பதிவு நிறுவனத்தின் வழியாகச் செய்தி அனுப்பலாம். அச்சொல் பிறருடைய வணிகக் குறியா என்பதையும் அரசின் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிடுங்கள். இல்லையேல் பணம் கொடுத்து வழக்கை வாங்கியவர் ஆவோம்.

விலை படிந்தபின், முன்பின் அறியாதவரின் கணக்கில் நேரே பணம் கட்டாதீர்கள். இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தை வைத்திருந்து, பெயர் மாறியபின் விற்றவருக்குக் கொடுக்கும் எஸ்க்ரோ நிறுவனங்கள் உள்ளன. விற்பவர் பூட்டைத் திறந்து மாற்றுக் குறியீட்டைத் தரவேண்டும். பெயர் உங்கள் கணக்கில் வந்து அமர்ந்ததைக் கண்ணால் கண்ட பிறகே பணத்தை விடுவிக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பின்னர் விலை கட்டுப்படவில்லையா? வேறு பெயர் தேடுவதில் இழிவு ஒன்றுமில்லை. ஊர்ப்பெயரையோ தொழிற்பெயரையோ சேர்த்தால் புதுப்பெயர் பிறக்கும். தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயர்களும் உள்ளன. கடன் வாங்கிப் பெயரை வாங்குவதைவிட, கிடைத்த பெயருக்கு நம் உழைப்பால் புகழ் தேடுவதே மேல்.