கம்ப்யூட்டர் திடீர்னு ஸ்லோ ஆயிடுச்சா? ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

இந்த வாரம் ஒரே ஒரு பிரச்சனைதான். போன வாரம் வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்த வீட்டு கம்ப்யூட்டர், இந்த வாரம் திடீர்னு படுத்துடுச்சு. என்ன பண்றது?

கடைக்கு எடுத்துட்டுப் போனா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஃபார்மட் போட்டு விண்டோஸ் புதுசா ஏத்திடலாம்." சில சமயம் அது சரியான வைத்தியம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அது கடைசியா பண்ண வேண்டிய வேலை. தப்பான கேஸ்ல அதையே முதல்ல பண்ணிட்டா, சில விஷயங்கள் திரும்ப வரவே வராது.

முதல்ல அந்த ‘திடீர்னு’ங்கிற வார்த்தையைப் பிடிச்சுக்குங்க. அஞ்சு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா மந்தமானா, அது வயசு. சாஃப்ட்வேர் கனமாயிட்டே போகுது, நம்ம மெஷின் அப்படியே நிக்குது. ஒரே வாரத்துல மந்தமானா கதை வேற. அந்த வாரத்துல ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. அது எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை. ஆஃபீஸ்ல சர்வர் ஸ்லோ ஆனா நாங்களும் இதைத்தான் பண்றோம். யாரும் எடுத்த எடுப்புல சர்வரை அழிக்க மாட்டோம். (சிரிப்பு)

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். "டெய்லி ஷட்டவுன் பண்ணித்தான் ஆன் பண்றேன்"னு சொல்றவங்க, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதுல சிபியு, அங்க ‘அப் டைம்’னு ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்க. சிலருக்கு 20 நாள், 30 நாள்னு காட்டும். விண்டோஸ் 8-ல இருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’னு ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்தா, ஷட்டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தோட அடிப்பகுதி அப்படியே டிஸ்க்ல சேமிக்கப்பட்டு, அடுத்த நாள் திரும்ப ஏத்தப்படுது. முழுசா புதுசா தொடங்கணும்னா ‘ரீஸ்டார்ட்’தான் கொடுக்கணும். அதைக் கொடுத்துப் பாருங்க. சரியாச்சுன்னா இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திக்கலாம்.

சரியாகலையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு, மெமரி, டிஸ்க், இந்த மூணுல எது முட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க.

இங்க ஒரு கேஸ் சொல்றேன். கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தோழி மெசேஜ் பண்ணியிருந்தாங்க. அவங்க அப்பாவோட டெஸ்க்டாப். ஆன் ஆகவே பத்து நிமிஷம். ஒரு ஃபோல்டரைத் திறந்தா பச்சைக் கோடு ஊர்ந்துட்டே இருக்கு. கடைக்காரர் "சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்ணிடலாம், டி டிரைவைத் தொட மாட்டோம்"னு சொல்லிட்டார். அப்பாவும் சரின்னுட்டார். டி டிரைவ்ல ஒன்பது வருஷ போட்டோ இருக்கு, காலமான பாட்டியோட வீடியோ உட்பட. வேற எங்கயும் காப்பி இல்ல.

நான் கேட்டது ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட். டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் பக்கம். அதுல ‘ஆக்டிவ் டைம்’ 100 சதவீதம். ஆனா ‘ரீட் ஸ்பீட்’ விநாடிக்கு 1 எம்பி கூட இல்ல. ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ 4000 மில்லி செகண்டுக்கு மேல. இந்த மூணையும் சேர்த்துப் படிக்கணும். டிஸ்க் 100 சதவீதம்னு காட்டுறது மட்டும் பிரச்சனை இல்ல. பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது அப்படித்தான் இருக்கும், ஆனா அப்போ ஸ்பீடும் அதிகமா இருக்கும். முழு நேரமும் உழைக்குது, ஒண்ணும் வெளிய வரலன்னா, டிஸ்க் எங்கயோ மாட்டிக்கிட்டு தவிக்குதுன்னு அர்த்தம்.

என்ன நடக்குதுன்னா, ஹார்ட் டிஸ்க்னா உள்ள ஒரு தட்டு சுத்திட்டே இருக்கு. நிமிஷத்துக்கு 7200 சுத்துன்னா ஒரு சுத்துக்கு சுமார் 8 மில்லி செகண்ட். தட்டுல ஒரு இடம் பலவீனமாயிட்டா, டிஸ்க் அதை ஒரு தடவை படிச்சுப் பாக்கும், வரலைன்னா அடுத்த சுத்துல திரும்ப, அதுக்கடுத்த சுத்துல திரும்ப. இப்படி விநாடிக்கணக்கா முட்டி மோதும். அதுவரைக்கும் விண்டோஸும் மத்த எல்லா புரோகிராமும் பின்னாடி வரிசைல நிக்கும். வெளிய இருந்து பாக்குற நமக்கு "கம்ப்யூட்டர் ஸ்லோ."

இப்போ கடைக்காரர் சொன்னதைத் திரும்ப யோசிங்க. சி, டி ரெண்டும் ஒரே வீட்டோட ரெண்டு ரூம். அஸ்திவாரம் இறங்குற வீட்டுல ஒரு ரூமுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சு என்ன பிரயோஜனம்? அதுலயும் விண்டோஸ் ஏத்துறது டிஸ்க்குக்கு பெரிய வேலை. சாகக் கிடக்குற டிஸ்க்கை அந்த நேரத்துல ஓட வைக்கிறதுக்குப் பதிலா, அதோட மிச்ச உயிரை போட்டோ எடுக்கப் பயன்படுத்தணும்.

உறுதி பண்ணிக்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. டிஸ்க் தன்னைப் பத்தித் தானே எழுதி வைக்கிற ‘ஸ்மார்ட்’ குறிப்பை அது காட்டும். 05-ம் வரி, டிஸ்க் இதுவரை கைவிட்ட இடங்கள். சி5, படிக்க முடியாம தடுமாறிட்டிருக்குற இடங்கள். சி5 பூஜ்யமா இல்லாம ஏறிட்டே போனா, பேச்சே வேண்டாம். இவங்களுக்கு ரெண்டுமே ஏறியிருந்துச்சு, ‘காஷன்’னு மஞ்சள்ல. ஒருவேளை சி7 மட்டும் ஏறியிருந்தா சந்தோஷப்படுங்க. அது பெரும்பாலும் டிஸ்க்குக்குப் போற கேபிள் கோளாறு, கேபிளை மாத்தினா போதும்.

இந்த நிலைமைல டீஃபிராக் பண்ணாதீங்க. யூடியூப் பாத்து செக் டிஸ்க் ஓட்டாதீங்க. அது தட்டு முழுக்க மேயும். வேற ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கி, திரும்பக் கிடைக்காததை முதல்ல காப்பி பண்ணுங்க. போட்டோ, வீடியோ, ஸ்கேன் பண்ணின பத்திரம். சினிமாவும் கேமும் எங்கயும் போகாது. ஒரு ஃபைல்ல மாட்டினா அதை ‘ஸ்கிப்’ பண்ணிட்டு நகருங்க, கடைசில வந்து பாத்துக்கலாம். டிஸ்க்ல இருந்து ‘டக் டக்’னு சத்தம் வந்தா மட்டும் உடனே ஆஃப் பண்ணிட்டு, டேட்டா ரிகவரி பண்றவங்ககிட்ட கொண்டு போங்க.

அவங்களுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. கொஞ்சம் போட்டோ போச்சு, பாட்டி வீடியோ வந்துடுச்சு. அப்புறம் ஒரு எஸ்எஸ்டி போட்டு, அதுல விண்டோஸ் புதுசா ஏத்தினாங்க.

டிஸ்க் நல்லா இருக்கு, சிபியு பக்கம் சந்தேகம்னா ‘ஸ்பீட்’ எண்ணைப் பாருங்க. ‘பேஸ் ஸ்பீட்’ 2.4 கிகாஹெர்ட்ஸ்னு இருக்கு, வேலை செய்யும்போது ஓடுறது 0.8-லன்னா, மெஷின் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்குது. பெரும்பாலும் சூடுதான். காலைல ஆன் பண்ணினதும் பத்து நிமிஷம் பறந்துட்டு அப்புறம் படுத்தா, ஃபேன்ல தூசி இருக்கான்னு பாருங்க. மே மாசம் லேப்டாப்பை மெத்தை மேல வெச்சு வேலை பாக்குறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. சில லேப்டாப்ல வேற சார்ஜர் போட்டாலும் இதே மாதிரி வேகம் குறையும்.

மெமரி 90 சதவீதம் தாண்டினா, இடம் பத்தாம விண்டோஸ் டிஸ்க்கையே மெமரி மாதிரி பயன்படுத்தத் தொடங்கும். ஹார்ட் டிஸ்க்னா அது மெமரியைவிட லட்சம் மடங்கு மெதுவு. அந்த வாரம் புதுசா போட்ட பிரவுசர் எக்ஸ்டென்ஷனையும், ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பட்டியலையும் பாருங்க. ‘டை வொர்க்கர்’னு ஒண்ணு உழைச்சிட்டிருந்தா அது அப்டேட், ஒரு ரெண்டு மணி நேரம் சும்மா விடுங்க.

கடைசியா ஒண்ணு, கிராக் பண்ணின கேம் இறக்குறவங்களுக்கு. சும்மா இருக்கும்போது ஃபேன் கத்துது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தா அமைதியாயிடுதுன்னா, உள்ள யாரோ உங்க கரன்ட்ல கிரிப்டோ தோண்டிட்டிருக்கலாம். சில மைனர்கள் டாஸ்க் மேனேஜரைப் பாத்ததும் ஒளிஞ்சுக்கும். டிஃபெண்டர்ல ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டுங்க. ஏதாவது சிக்கினா, பாஸ்வேர்டை வேற மெஷின்ல இருந்து மாத்துங்க, ஃபைல்களை மட்டும் எடுத்து வெச்சுட்டு ஃபார்மட் போட்டுடுங்க. இங்க கடைக்காரர் பக்கம்தான் நானும்.

எக்ஸ்டர்னல் டிரைவ் எதை வாங்குறது, போட்டோவை எத்தனை இடத்துல வைக்கிறதுன்னு அடுத்த வாரம் பேசலாம். உங்க டிஸ்க் ஸ்கிரீன்ஷாட் இருந்தா அதுக்குள்ள அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.