அழகு சத்திரசிகிச்சை: தேவையா, ஊர்வாயின் அழுத்தமா?

வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும், கலியாணப் பேச்சில் "பிள்ளை நிறம் குறைவு", "மூக்கு கொஞ்சம் அகலம்" என்ற ஒரு வார்த்தை போதும். மீதியை கையிலுள்ள போன் பார்த்துக்கொள்கிறது. பிள்ளை ஊசியையும் சத்திரசிகிச்சையையும் தேடத் தொடங்குகிறாள்.

மார்க்கம் இதை முழுமையாகத் தடுக்கவில்லை. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) வைத்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததாக அபூதாவூத், திர்மிதியில் வருகிறது. அதேவேளை, அழகுக்காகப் பற்களில் இடைவெளி உண்டாக்குவோர் சபிக்கப்பட்ட ஹதீஸ் புகாரி, முஸ்லிமில் உள்ளது. 2007இல் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் இப்படியே பிரித்தது. பிளவுபட்ட உதடு, தீக்காயத் தழும்பு, விபத்தின் சிதைவு ஆகியவற்றைச் சீர்செய்யலாம். குறையில்லாத உடலை ஆசைக்காக மாற்றக் கூடாது.

சீர்செய்வதன் பயன் பெரிது. தீக்காயத்தால் மடங்கிய விரல் மீண்டும் பேனா பிடிக்கும். ஆபத்தும் சிறிதல்ல. மயக்க மருந்தால் சிக்கல் வரலாம், கிருமி தொற்றலாம். முகத்தில் ஏற்றும் ஃபில்லர் இரத்தக்குழாயில் புகுந்தால் பார்வையே போகலாம். நம் போன்ற கருமையான தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பும் அதிகம்.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா? அந்த இடம் 2006ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப்படி பதிவாகியுள்ளதா? பிழைத்தால் யார் பொறுப்பு?

நான்காவது கேள்வி நமக்கு. பெண் பார்க்கப் போகும் வீட்டில் நம் நாவைக் காத்துக்கொண்டால், எத்தனை பிள்ளைகளுக்குக் கத்தியே தேவைப்படாது?