உங்களுக்குத் தெரியுமா?

அல்ஜீரியாவின் சகாராவில், மிசாப் பள்ளத்தாக்கின் பள்ளிவாசல்களுக்குள்ளேயே தானியக் கிடங்கும் ஆயுதக் கிடங்கும் இருந்தன! முற்றுகை வந்தால் ஊரின் கடைசிக் கோட்டை பள்ளிவாசல்தான்.

• கட்டியவர்கள் இஸ்லாத்தின் ஒரு பிரிவான இபாதி முஸ்லிம்கள். வடக்கே தாஹர்த்தில் இருந்த அவர்களது அரசு 909-இல் வீழ்ந்தது. 11-ஆம் நூற்றாண்டில் இந்த வறண்ட பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். யாரும் எளிதில் வரமுடியாத நிலமே அவர்களுக்கு அரண்.

• குன்றின் உச்சியில் பள்ளிவாசல். சுற்றிலும் மதில்வரை வட்டவட்டமாக வீடுகள். எல்லா வீடுகளும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. எல்லோரும் சமம் என்ற அவர்களது நம்பிக்கையைச் சுவரிலேயே பார்க்கலாம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

• பள்ளத்தாக்கின் ஆற்றில் எப்போதாவது வரும் வெள்ளத்தை அணைகட்டித் தேக்கி, வாய்க்கால் வழியே பேரீச்சந்தோப்புகளுக்குப் பங்கிட்டார்கள்.

• 1853-இல் பிரான்சுக்குக் கப்பம் கட்டச் சம்மதித்துத் தன்னாட்சியைக் காத்துக்கொண்டார்கள். 1882-இல் பிரான்ஸ் பள்ளத்தாக்கையே இணைத்துக்கொண்டது.