இரத்தப் பையின் மென்மை

என் தங்கைக்குத் தலசீமியா. மாதம் ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். வேதியியல் பயிலும் நானும் துணைக்குச் செல்வேன். ஒருமுறை, தொங்கிக்கொண்டிருந்த பையைக் காட்டி, “அக்கா, தண்ணிக் குழாயும் இதுவும் ஒரே பிளாஸ்டிக்குன்னு சொன்னீங்க. இது மட்டும் ஏன் மெத்துன்னு இருக்கு?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டும் பி.வி.சி.தான். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் அது இயல்பில் விறைப்பானது. ரொட்டி சானாய் மாவில் எண்ணெய் சேர்த்தால் இழுத்த இழுப்புக்கு வருகிறதல்லவா? அதுபோலச் சங்கிலிகளுக்கிடையே ஒரு திரவம் புகுந்து அவற்றை நழுவ விடுகிறது. இதற்கு நெகிழ்வாக்கி என்று பெயர். இரத்தப் பைகளில் நெடுங்காலமாகப் பயன்படுவது டி.இ.எச்.பி. என்னும் தாலேட். பையின் எடையில் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு அதுவே!

இத்திரவம் சங்கிலியோடு வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை. மாவு வைத்த தாளில் எண்ணெய் ஊறுவதுபோல், கொழுப்புள்ள இரத்தத்தில் இது கசிகிறது. விலங்கு ஆய்வுகளில் ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியை இது பாதித்தது. எனவே குழந்தைகளின் பொம்மைகளில் இது 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாதென ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும் அமெரிக்கா 2008இலும் சட்டம் இயற்றின.

“அப்போ எனக்கு ஆபத்தா அக்கா?” என்றாள் தங்கை. இரத்தம் ஏற்றாமல் இருப்பதே அவளுக்குப் பேராபத்து. மேலும், கசியும் டி.இ.எச்.பி. சிவப்பணுக்களின் சவ்வில் சேர்ந்து, சேமிப்பின்போது அவை உடைவதைக் குறைக்கிறது. ஆகவே, மாற்றுப் பொருள் பையை மென்மையாக்குவதோடு சிவப்பணுக்களையும் காக்க வேண்டும். பொம்மையில் எளிதாக முடிந்த மாற்றம் இரத்தப் பையில் தாமதமாவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மாற்று இல்லாமல் இல்லை. 2002இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் டிஞ்ச் என்ற நெகிழ்வாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிட்ரிக் அமிலத்திலிருந்து உருவாகும் பி.டி.எச்.சி. சில இரத்தப் பைகளில் ஏற்கெனவே பயன்படுகிறது. சர்க்கரையை நொதிக்க வைத்தே சிட்ரிக் அமிலத்தைப் பெறலாம்.

நம் நாட்டுச் செம்பனை எண்ணெய் உதவுமா? தாவர எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜனைச் சேர்த்தால் எப்பாக்சி வளையங்கள் உருவாகும். பி.வி.சி.யோடு எண்ணெய் ஒட்டி நிற்க உதவுபவை இவ்வளையங்களே. கண்ணாடிப் புட்டி மூடிகளின் உட்பூச்சில் இவ்வாறு மாற்றிய சோயா எண்ணெய் பயன்படுகிறது. இரட்டைப் பிணைப்பின் அளவைக் காட்டும் அயோடின் எண் சோயாவுக்கு ஏறத்தாழ 130. செம்பனைக்கு 50 சொச்சமே. வளையங்கள் குறைவதால் பிடிப்பும் குறைகிறது. இக்குறையைக் களைவது நம் ஆய்வுக்கூடங்களுக்கு உகந்த வேலை.

அடுத்த மாதமும் தங்கையோடு செல்வேன். அந்தப் பை மாறும் நாளுக்கு என் படிப்பும் சிறிது உதவினால் மகிழ்வேன்.