ஒளியால் அளக்கும் தூரம்: பிழை நுழையும் வழிகள்

ஜெர்மனியின் மேற்கு எல்லையில் உள்ள ஆஹென் நகரில் 1927 முதல் கோல்ஃப் கழகம் ஒன்று இயங்கிவருகிறது. அதே நகரில் 1985இல் நிறுவப்பட்ட ஃபிரவுன்ஹோஃபர் லேசர் தொழில்நுட்ப நிலையம், வளிமண்டல மீத்தேனை அளப்பதற்கான மெர்லின் செயற்கைக்கோளுக்கு லேசர் மூலத்தை உருவாக்கிய பெருமைக்குரியது. ஒளித்துடிப்பை அனுப்பி, எதிரொளித்துத் திரும்புவதை ஆராயும் அதே அடிப்படையிலேயே ஆட்டக்காரரின் கைக்கு அடக்கமான லேசர் தூரமானியும் இயங்குகிறது.

ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458 மீட்டர் செல்வதால், 150 மீட்டர் தொலைவிலுள்ள கொடிக்கம்பத்தைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு மைக்ரோவிநாடி, அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, போதும். தூரம் ஒரு மீட்டர் மாறினால் இந்த நேரம் ஏறத்தாழ 6.7 நானோவிநாடி மட்டுமே மாறும். நானோவிநாடி என்பது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்தகைய நுண்கணக்கைச் செய்யும் மின்சுற்று கருவிக்குள் மூடப்பட்டிருப்பதால், அதைத் திறந்து திருத்த முயல்வது தீங்காகவே முடியும். காற்று ஒளியைத் தாமதப்படுத்துவதால் 200 மீட்டரில் விளையும் மாற்றமும் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான் என்பதால், தட்பவெப்ப மாறுதலைப் பற்றி ஆட்டக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை.

பெரும்பாலான பிழைகள் வெளியிலிருந்தே நுழைகின்றன. லேசர் கற்றை செல்லச் செல்ல விரிவடைந்து கம்பத்தைவிட அகன்றுவிடுவதால், கை சற்று நடுங்கினாலும் பின்னாலுள்ள மரத்தின் தூரமே திரையில் தோன்றக்கூடும். ஆகவே அருகிலுள்ள இலக்குக்கு முதலிடம் தரும் அமைப்பைத் தேர்ந்து, ஒரே இலக்கைச் சில முறை அளந்து ஒப்பிடுவது நலம். மழைத்துளியும் பனிமூட்டமும் ஒளியைச் சிதறடிப்பதோடு, லென்ஸில் படியும் அழுக்கு திரும்பி வரும் ஒளியைக் குறைக்கிறது. எனவே தூசியை முதலில் ஊதி அகற்றிய பின்னரே மென்மையான துணியால் துடைக்க வேண்டும், இல்லையேல் மணல்துகள் லென்ஸைக் கீறிவிடும். கடுங்குளிரில் பேட்டரியின் திறன் தற்காலிகமாகக் குறைவதால், மாற்று பேட்டரியை உடன் வைத்திருப்பது தேவையாகிறது. அலகைக் கவனிப்பதும் அதே அளவு முக்கியம். 150 கஜம் என்பது 137 மீட்டர் மட்டுமே.

கருவியைச் சோதிக்க, நாடாவால் அளந்த 50, 100 மீட்டர் தூரங்களில் அகன்ற சுவர் போன்ற இலக்கை வைத்துப் பார்க்கலாம். இரு தூரங்களிலும் வேறுபாடு ஒரே அளவாக இருந்தால் அது நிலையான பிழை. தூரத்தோடு சேர்ந்து விகிதமாக வளர்ந்தால் அலகையோ சரிவுக்கேற்பத் தூரத்தைத் திருத்தும் வசதியையோ ஐயுற வேண்டும். தயாரிப்பாளர் கூறும் எல்லையை, பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவிலான அதை, மீறும் பிழை இவற்றைச் சரிசெய்த பின்னும் நீடித்தால், கருவியைப் பழுதுபார்க்கும் நிலையத்திடம் ஒப்படைப்பதே முறை.