காப்பியங்களில் பதவி மோகம்



பதவி மோகம் என்றவுடன் நம்மில் பலருக்குத் துரியோதனன்தான் நினைவுக்கு வருவான். ஐந்து ஊர் கேட்டும் கொடுக்கவில்லை. ஐந்து வீடு கேட்டும் கொடுக்கவில்லை. கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு அவனைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் சின்ன வயதிலேயே பீமனுக்கு நஞ்சு வைத்தவன். அவனைப் பார்த்துவிட்டு, 'நல்ல வேளை, நாம் இப்படி இல்லை' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

இன்று நான் பேச வந்தது வேறு வகையான மனிதர்களைப் பற்றி. இவர்கள் நம்பிக்கைக்கு உரியவர்களாக இருந்தவர்கள். அந்த நம்பிக்கையினாலேயே ஒரு பொறுப்பு அவர்கள் கைக்கு வந்தது. 'பார்த்துக்கொள்' என்று சொல்லிக் கொடுத்த பொருளை, 'இது என்னுடையது' என்று எண்ணத் தொடங்கினார்களே, அந்த இடத்தில்தான் அவர்கள் கெட்டார்கள்.

நம்முடைய நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பழங்கதை உண்டு. இங்கிருந்த தலைவர்கள் தங்களுக்கு ஓர் அரசர் வேண்டுமென்று சுமத்திராவின் மினாங்கபாவ் நாட்டில் கேட்டார்கள். அங்கிருந்து ராஜா மெலேவார் வருவதாக முடிவாயிற்று. அவர் வருமுன் ஏற்பாடுகளைக் கவனிக்க ராஜா காத்திப் என்பவரை முன்கூட்டி அனுப்பினார்கள். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? நானே அரசன் என்று அறிவித்துவிட்டாராம்! உண்மையான அரசர் வந்து, ரெம்பாவ் வட்டாரத்துப் பெனாஜிஸில் 1773-ஆம் ஆண்டு முடிசூடி, பிறகு இவரை விரட்ட வேண்டியதாயிற்று. பாய் விரிக்கப் போனவன் பாயிலேயே படுத்துக்கொண்ட கதைதான்.

இதே கதையை, இதைவிடப் பெரிய அளவில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் எழுதி வைத்திருக்கிறார் திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர். அதுதான் சீவக சிந்தாமணி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். ஓலைச்சுவடியில் கிடந்த அந்த நூலை உ.வே. சாமிநாதையர் 1887-இல் அச்சிட்டிராவிட்டால், இன்று நான் உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஏமாங்கத நாட்டை ஆண்டவன் சச்சந்தன். அவன் மனைவி விசயை. மனைவி மீது கொண்ட மையலினால் அரசனுக்கு ஆட்சி வேலை சலித்துப்போகிறது. கட்டியங்காரன் என்ற அமைச்சனைக் கூப்பிட்டு, 'நாட்டை நீ பார்த்துக்கொள், நான் அந்தப்புரத்தில் இருக்கிறேன்' என்று ஒப்படைத்துவிடுகிறான். 'வேண்டாம் அரசே, இது ஆபத்து' என்று சொன்னவர்களும் உண்டு. அரசன் காதில் விழவில்லை. கட்டியங்காரனைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரனே கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

கொஞ்ச காலம் கட்டியங்காரன் ஒழுங்காகத்தான் ஆளுகிறான். ஆனால் ஆசனத்தில் உட்காரப் பழகிய உடம்புக்கு, எழுந்திருப்பது கடினம். அரசன் உயிரோடு இருக்கும்வரை இது இரவல் ஆசனம்தானே என்ற எண்ணம் அரிக்கத் தொடங்குகிறது. நல்லவன் என்று பெயரெடுத்தவன் 'எனக்கு நாடு வேண்டும்' என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மற்ற அமைச்சர்களைக் கூட்டி வைத்து அவன் சொல்கிறான்: ஒரு தெய்வம் என்னிடம் வந்து அரசனைக் கொல், கொல் என்று வற்புறுத்துகிறது, நான் என்ன செய்வேன்?

நேயர்களே, இந்த இடத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். தன் ஆசைக்குத் தெய்வத்தின் பெயரைச் சூட்டுகிறான். பழி தன் தலையில் விழாமல் இருக்க வேண்டும். பதவி மட்டும் தன் தலையில் இருக்க வேண்டும். தருமதத்தன் என்ற அமைச்சன் எழுந்து, அரசனைக் கொல்வது பெரும் பாவம் என்று நேருக்கு நேர் எடுத்துச் சொல்கிறான். ஆனால் சபையில் மைத்துனன் மதனன் இருக்கிறானே, அவன் கட்டியங்காரன் பக்கம். எந்த ஊரிலும் ஒரு மைத்துனன் இருப்பான் போலும்.

படை அரண்மனையைச் சூழ்கிறது. விழித்துக்கொண்ட அரசன், நிறைமாதக் கர்ப்பிணியான விசயையை மயில் வடிவில் செய்த ஒரு பறக்கும் பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாளெடுத்துப் போரிட்டு மடிகிறான். அந்த மயில் போய் இறங்கிய இடம் சுடுகாடு. நாட்டின் அரசி நள்ளிரவில், ஈமத்தீயின் வெளிச்சத்தில் பிள்ளை பெறுகிறாள். ஒருவன் நாற்காலியில் ஏறுவதற்காக இன்னொருத்தி சுடுகாட்டில் பிரசவிக்க வேண்டியிருக்கிறது. தேவர் இந்தக் காட்சியை அவசரமில்லாமல், விரிவாகப் பாடுகிறார். பதவிச் சண்டையில் யார் தோற்றார்கள் என்பதை அரண்மனைக்கு வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தன் இறந்த குழந்தையை அடக்கம் செய்ய வந்த கந்துக்கடன் என்ற வணிகன், அந்தப் பிள்ளையை எடுத்து வளர்க்கிறான். அவன்தான் சீவகன். இனிக் கட்டியங்காரனைப் பாருங்கள். ஆசைப்பட்ட நாடு கிடைத்துவிட்டது. நிம்மதி கிடைத்ததா? வேடர்கள் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். இவன் படை தோற்று ஓடி வருகிறது. வணிகர் வீட்டுப் பிள்ளையான சீவகன் போய் மீட்டு வருகிறான். நல்ல அரசன் அவனை அழைத்து மாலை போடுவான். இவனோ மனத்துக்குள் குமைகிறான். பின்னால், மதம்பிடித்த அரண்மனை யானையைச் சீவகன் அடக்கி ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியபோது, அதையே குற்றமாக்கிக் கொல்ல ஆளனுப்புகிறான். திறமை உள்ளவன் எவனைக் கண்டாலும் பயம். திருடிய ஆசனத்தில் உட்கார்ந்தவனுக்கு அறையில் எத்தனை கதவு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதே வேலையாகிவிடுகிறது.

ஏறத்தாழ 1606-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியர் எழுதிய மெக்பெத் நாடகமும் இந்தப் பாதையில்தான் போகிறது. அதில் தளபதி ஒருவன், தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசனையே கொல்கிறான். கட்டியங்காரனுக்குத் தெய்வத்தின் குரல் என்றால், மெக்பெத்துக்குச் சூனியக்காரிகளின் குரல். ஒரு வித்தியாசம்: மெக்பெத்துக்குச் சூனியக்காரிகள் உண்மையாகவே எதிரில் வருகிறார்கள். கட்டியங்காரனின் தெய்வத்தை அவனைத் தவிர வேறு எவரும் பார்க்கவில்லை.

அடுத்து, குடிலன். தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து எந்த நூலின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்த மனோன்மணீயம் நாடகத்தில் வருகிறவன் இவன். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகம் அது. 1942-இல் படமாகவும் வந்தது. பாண்டிய மன்னனின் அமைச்சன் குடிலன். மன்னனின் முகம் பார்த்து இனிக்க இனிக்கப் பேசுவான். தனியே இருக்கும்போது அதே மன்னனை முட்டாள் என்று நினைத்துச் சிரிப்பான். மன்னன் மகள் மனோன்மணியைச் சேர நாட்டு மன்னனுக்கு மணம் பேசலாம் என்று பேச்சு வருகிறது. குடிலன் தன் மகன் பலதேவனையே தூது அனுப்பி, அவனை அங்கே அடாவடியாகப் பேச வைத்து, கல்யாணப் பேச்சைப் போராக மாற்றிவிடுகிறான். கடைசியில், கோட்டைக்குள் செல்லும் இரகசியச் சுரங்க வழியைத் தெரிந்துகொண்டு, அதைக் காட்டிக் கொடுப்பதாகப் பகை மன்னனிடமே போய் நிற்கிறான். அந்தச் சேர மன்னன் இவனை விலங்கிட்டு இழுத்துக்கொண்டுதான் அதே சுரங்கத்தில் நடக்கிறான். காட்டிக் கொடுக்க வந்தவனை எதிரிகூட மதிக்கவில்லை.

கைகேயியின் கதை இவ்விருவரின் கதையைவிட எனக்கு வருத்தம் தருவது. இராமனுக்கு முடிசூட்டு என்று மந்தரை வந்து சொன்னதும், மகிழ்ந்து மாலையைக் கழற்றிப் பரிசாகக் கொடுத்தவள் அவள். அப்படிப்பட்டவளை மாற்றியது, 'உன் பிள்ளையின் கதி என்ன?' என்ற கேள்வி. அவள் தனக்காக எதுவும் கேட்கவில்லை, பிள்ளைக்காகக் கேட்டாள். தனக்கென்று கேட்க வெட்கப்படுகிறவர்கள்கூடப் பிள்ளைக்கென்று கேட்கும்போது வெட்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை பரதன் என்ன செய்தான்? அண்ணனின் பாதுகைகளை அரியணையில் வைத்து, பதினான்கு ஆண்டுகள் நந்திகிராமத்தில் தவசியைப் போல வாழ்ந்தான். கணவனையும் இழந்து, மகனின் மதிப்பையும் இழந்து நின்றாள் தாய்.

இனி நம் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு மலாக்கா அதிக தூரமில்லை. செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூல் அந்த மலாக்கா அரசின் கதையைச் சொல்கிறது. அதைத் தொகுத்தவராகக் கருதப்படும் துன் ஸ்ரீ லானாங், ஜொகூர் அரசில் பெண்டஹாரா, அதாவது முதலமைச்சர், பதவியில் இருந்தவர். பதவியின் ருசியும் விஷமும் தெரிந்தவர் எழுதிய நூல் என்பதை மனத்தில் வைத்துக் கேளுங்கள். நம்மவர்களும் இதில் வருகிறார்கள், பெருமைப்படும்படியாக வரவில்லை.

மலாக்காவின் பெண்டஹாரா துன் முத்தாஹிர். பெரும் செல்வர். ஆளுயரக் கண்ணாடி முன் நின்று ஒரு நாளில் பலமுறை உடை மாற்றுவாராம். துறைமுக அதிகாரியாக இருந்தவர் ராஜா முதலியார். வணிகர் தலைவர் நீனா சூரா தேவானா. இவர்கள் இருவருக்கும் வழக்கு. நீனா சூரா தேவானா இரவோடு இரவாகப் பெண்டஹாராவுக்குப் பொன் கொண்டுபோய்க் கொடுக்கிறார், அவரும் வாங்கிக்கொள்கிறார். இந்தச் செய்தி கித்துல் என்பவனுக்குத் தெரிகிறது. கித்துல் ராஜா முதலியாரிடம் பொன் கடன்பட்டவன். ஓடிப்போய், 'உங்களைக் கொல்வதற்காகத்தான் அந்தப் பொன் கைமாறியது' என்று ஒரு பொய்யைச் சேர்த்துச் சொல்கிறான். அதற்கு ஈடாக அவன் கடன் தள்ளுபடியாகிறது. பயந்துபோன ராஜா முதலியார், லக்சமானா கோஜா ஹசானுக்குப் பொன்னைக் கொட்டிக் கொடுத்து, பெண்டஹாரா அரியணையைப் பிடிக்கச் சதி செய்கிறார் என்று சுல்தான் மஹ்மூட் ஷாவிடம் சொல்ல வைக்கிறார். சுல்தானுக்கோ, பெண்டஹாராவின் அழகிய மகள் துன் ஃபாத்திமாவைத் தமக்குக் காட்டாமல் வேறொருவருக்கு மணமுடித்தார் என்ற கோபம் ஏற்கெனவே உண்டு. விசாரணையே இல்லை. 1510-இல் பெண்டஹாராவும் அவர் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். எதிர்த்து நிற்கத் துடித்த மகனைத் தடுத்தவரும் அந்தப் பெண்டஹாராதான்.

பிறகுதான் எல்லாம் பொய் என்று தெரிகிறது. ராஜா முதலியாருக்கும் கித்துலுக்கும் மரண தண்டனை. துன் ஃபாத்திமாவைச் சுல்தான் மணந்துகொண்டார். அதன்பின் அவள் ஒருநாளும் சிரிக்கவில்லை என்கிறது நூல். அடுத்த ஆண்டு, 1511-இல், போர்த்துக்கீசியரின் கப்பல்கள் மலாக்காவைப் பிடித்தன. அவர்களிடம் பீரங்கி இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் வந்தபோது நாட்டின் பழுத்த அமைச்சரும் அவர் வீட்டு வீரர்களும் மண்ணுக்குள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

அரசர் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தில் செங்கோல் இல்லை, சாவிக்கொத்து உண்டு. கோயில் சாவி, மரணச் சகாய நிதிப் பெட்டியின் சாவி, பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் கணக்குப் புத்தகம். நான் அறிந்த ஒரு தோட்டத்தில் கோயில் பொறுப்பை ஏற்றவர் உண்மையிலேயே உழைப்பாளி. முதல் இரண்டு ஆண்டுகள் திருவிழா முடிந்ததும் கணக்கை ஒலிபெருக்கியில் படித்தார். பிறகு, 'யார் கேட்கப் போகிறார்கள்?' என்று விட்டுவிட்டார். யாரும் கேட்கவுமில்லை; எல்லாருக்கும் வேலை. ஒருநாள் ஓர் இளைஞன் கேட்டபோது, 'என்னைச் சந்தேகப்பட்டால் அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி' என்று பதில் வந்தது. கட்டியங்காரனின் தெய்வத்தை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். அடுத்த ஆண்டு ஒரே கோயிலுக்கு இரண்டு குழு, இரண்டு திருவிழா. பால்மரங்களை அழித்து வீடமைப்புக்கு நிலத்தை விற்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்து, கோயிலுக்கும் குடியிருப்புக்கும் மாற்று இடம் கேட்டு நிர்வாகத்திடம் பேச வேண்டிய நாளில், இரண்டு குழுவும் தனித்தனியாகப் போய் நின்றன. நிர்வாகத்துக்கு வேலை சுலபமாகிவிட்டது.

அந்த மனிதர் பணத்தைத் தொட்டாரா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றே நினைக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது முதல் மரியாதையும் சாவிக்கொத்தும்தான். திருவள்ளுவர் ஒருவனை ஆராய்ந்து நம்புவதற்குத் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமும், நம்பி வேலையைக் கொடுத்த பிறகு அவனை எப்படி நடத்துவது என்பதற்குத் தெரிந்து வினையாடல் என்று அடுத்த அதிகாரமும் வைத்திருக்கிறார். நாம் முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

சிந்தாமணியின் முடிவை இன்னும் சொல்லவில்லை. சீவகன் வளர்ந்து, தாய்மாமன் கோவிந்தராசன் துணையோடு கட்டியங்காரனைப் போரில் கொன்று, தந்தையின் நாட்டை மீட்கிறான். நீதி வென்றது, சுபம் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தேவர் நிறுத்தவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் சீவகன் தன் சோலையில் இருக்கிறான். ஓர் ஆண் குரங்கு பலாப்பழத்தைக் கொண்டுவந்து தன் துணைக்குக் கொடுக்கிறது. தோட்டக் காவலன் ஓடிவந்து குரங்கை விரட்டிவிட்டுப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். நம் வீட்டுப் பின்புறத்தில் தினமும் நடப்பதுதான். ஆனால் சீவகன் அதைப் பார்த்துக் கலங்குகிறான். பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன், பிடுங்கிய காவலன் நான், அந்தப் பழம்தான் இந்த நாடு என்று அவன் மனம் சொல்கிறது. நியாயப்படி தனக்கு உரிய நாட்டை மீட்டவன் அவன்; அவனுக்கே அப்படித் தோன்றுகிறது. மகனுக்கு முடியைச் சூட்டிவிட்டுத் துறவு பூணுகிறான். அந்த மகனுக்கு அவன் வைத்திருந்த பெயர் சச்சந்தன்.