முக்கோணத்தின் நிறம் மீனுக்குப் பொருந்தாது

பூச்சிமருந்து வாங்கும்போது டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. எலி போன்ற பாலூட்டிகளிடம் செய்த சோதனையை வைத்தே இந்த நிறம் தரப்படுகிறது. மருந்து தெளிப்பவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அது காட்டும். வயலை ஒட்டிய பண்ணைக்குட்டையில் வளரும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் என்ன ஆகும் என்பதைக் காட்டாது.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளைப் பாருங்கள். மனித உடல் இவற்றை ஓரளவு விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். மீனுக்கு அந்தத் திறன் குறைவு. அதோடு, செவுளில் நீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வுதான். கொழுப்பில் கரையும் இந்த மருந்து அதன் வழியே நேரே உள்ளே போய் நரம்பைத் தாக்கும்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கர் குட்டையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 40 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். 10 சதவீத சைபர்மெத்ரின் 100 மில்லியில் உள்ள நஞ்சு 10 கிராம். அது முழுவதும் கலந்தால் லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம். ஆய்வகத் தொட்டியில் பல மீன்களைச் சாகடிக்க இதையொட்டிய அளவே போதும். குட்டையில் ஒரு பங்கு சேற்றில் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. அதை நம்பித் தெளிப்பானைக் குட்டையிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். மழை வரும்போல் இருந்தால் அன்று தெளிக்க வேண்டாம். தெளித்த வயலின் வடிமடையை ஒரு வாரமாவது அடைத்து வையுங்கள்.

மீன் மிதந்தவுடன் பக்கத்து வயல்காரரோடு சண்டைக்குப் போவதும் சரியல்ல. பெரும்பாலும் காரணம் பிராணவாயுக் குறைவாக இருக்கும். அது விடியற்காலையில் வரும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும். பெரிய மீன்கள் முதலில் சாகும். வெயில் ஏறினால் மற்றவை தேறிவிடும். நஞ்சுக்கு நேரம் காலம் கிடையாது. மீன்கள் நிலைதடுமாறிச் சுழலும், துள்ளும். குஞ்சுகள் முதலில் போகும். தவளைக் குஞ்சு, இறால், நீர்ப்பூச்சி எல்லாம் கூடவே செத்துக் கிடக்கும்.

சாகாத மீனும் தப்பியதாகச் சொல்ல முடியாது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் வகை மருந்துகள் நரம்புச் செய்தியைச் சீராக்கும் நொதியை முடக்குகின்றன. அளவு குறைவாக இருந்தால் மீன் உயிரோடு இருக்கும். ஆனால் தீவனம் எடுக்காது, எடை ஏறாது. நோய் எதிர்ப்பும் குறைவதால் புண், பூஞ்சை என்று வரும். நாம் புண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம், வாய்க்காலில் மருந்து வந்துகொண்டே இருக்கும். குட்டைக்காரர்களுக்கு இதிலும் நட்டம்தான். கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நஞ்சு என்று சந்தேகம் வந்தால் உள்ளே வரும் மடையை உடனே அடையுங்கள். செத்த மீனை விற்கவோ, வாத்து, கோழிக்குப் போடவோ கூடாது. குழி தோண்டிப் புதையுங்கள். நல்ல தண்ணீர் பாய்ச்சும் முன்பே, சுத்தமான கண்ணாடி பாட்டிலில் குட்டைத் தண்ணீரை விளிம்புவரை பிடித்து மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். அழுகிய மீன் சோதனைக்கு உதவாது. சாகும் தறுவாயில் உள்ள மீன் நான்கைந்தைத் தனிப்பையில் போட்டு, அதே பெட்டியில் வைத்து, அன்றே மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.